புதூர்நாட்டு ஜீப்பை நான்கு மணிக்குக் கிளப்பிய கதை

முப்பத்தேழு வயதில் மறுபடியும் மாணவி ஆனவள் நான். ஒரு நகராட்சியில் உதவிப் பொறியாளராகப் பன்னிரண்டு வருடம் சாக்கடை, சாலை, பேருந்து நிலையம் என்று ஓடிவிட்டு, படிப்பு விடுப்பு வாங்கிக்கொண்டு சென்னையில் நகர்ப்புறக் கொள்கை, புத்தாக்கம் என்ற முதுநிலைப் படிப்பில் சேர்ந்தேன். சேர்க்கை விளம்பரத்தில் ‘நாளைய நகரத் தலைவர்களுக்கு’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். அன்றிலிருந்து வீட்டில் எனக்கு அதுதான் பெயர். “தலைவரே, சிலிண்டர் தீர்ந்துபோச்சு” என்பார் என் கணவர்.

இந்தப் படிப்பில் எல்லோரும் ஒரு களப்பணி செய்தாக வேண்டும். எங்கள் பேராசிரியைக்கு ஒரு பிடிவாதம் உண்டு. நகராட்சி எல்லைக்கு உள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தால் கண் பழகிவிடும், நகரத்தின் எந்த வசதியும் எட்டாத ஓர் இடத்தில் மக்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வாருங்கள் என்பார். நான் ஜவ்வாது மலையைத் தேர்ந்தெடுத்தேன். காரணம், அங்கே ஓடும் பகிர்வு ஜீப்புகள். கால அட்டவணை இல்லை, டிக்கெட் இல்லை, நிறுத்தம் என்று பலகை இல்லை, ஆனாலும் தினமும் ஓடுகின்றன. எப்படி என்று தெரிந்துகொள்ள எனக்கு உண்மையாகவே ஆசை. அந்த ஆசையோடு கொஞ்சம் தலைவர் புத்தியும் சேர்ந்துகொண்டது. குறித்த நேரத்துக்குக் கிளம்பினால் மக்களுக்கு எவ்வளவு நேரம் மிச்சமாகும் என்று சோதித்துக் காட்டுவது என் திட்டம். வெள்ளிக்கிழமை ஆய்வுக் குழுவின் முன் முடிவை வைக்க வேண்டும். வைக்காவிட்டால் என் தலைப்பு தள்ளுபடியாகி, ஒரு பருவம் போய்விடும். விடுப்பை நீட்டித் தரச் சொல்லி நகராட்சியில் மறுபடி யார் காலில் விழுவது?

பிப்ரவரி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை கிளம்பினேன். சென்னையிலிருந்து காலை ஆறு பத்து ரயில். ஜோலார்பேட்டையில் ஒன்பதேகாலுக்கு இறங்கி, அங்கிருந்து திருப்பத்தூருக்கு நகரப் பேருந்து, ஒன்பது கிலோமீட்டர். பெண்களுக்குக் கட்டணமில்லை என்பதால் நடத்துநர் சீட்டை மட்டும் கிழித்துக் கொடுத்தார். திருப்பத்தூர் நிலையத்தில் இரண்டு இட்லி, ஒரு வடை, ஒரு காபி, ஐம்பத்தைந்து ரூபாய். புதூர்நாட்டுக்குப் பேருந்து பதினொன்று பத்துக்கு வந்தது. கட்டணம் முப்பத்தைந்து ரூபாய்.

மலையேறும் பாதையில் வலது பக்க ஜன்னலைப் பிடியுங்கள். முதல் வளைவுகளில் வெறும் முள்ளும் பாறையும்தான், ஏமாந்துவிடாதீர்கள். மேலே போகப் போகப் புளியமரங்கள் வரத் தொடங்கும். சாமை அறுத்து முடிந்த மேட்டு நிலங்கள் மொட்டையாகக் கிடந்தன. புளி உலுக்கும் காலம் என்பதால் சாலையோரத்தில் தார்ப்பாய் விரித்துப் பெண்கள் புளி உடைத்துக்கொண்டிருந்தார்கள். வாந்தி வரும் ஆசாமிகள் எலுமிச்சம்பழம் வைத்துக்கொள்வது நல்லது. எனக்கு முன்னால் இருந்தவர் வைத்துக்கொள்ளவில்லை.

புதூர்நாட்டில் இறங்கும்போது மணி பன்னிரண்டு ஐம்பது. ஒரு கடைத்தெரு, ஆரம்ப சுகாதார நிலையம், பள்ளி, வங்கிக் கிளை, இரண்டு டீக்கடை. நெல்லிவாசல்நாட்டின் குக்கிராமங்களிலிருந்து இறங்கி வருகிறவர்களுக்கு நகரம் என்றால் முதலில் இதுதான். டீக்கடைக்கு எதிரே நான் தேடி வந்த ஜீப் நின்றது. ஓட்டுநர் கோவிந்தனுக்கு என் வயதுதான் இருக்கும். ஒரு நண்பர் மூலம் ஏற்கெனவே பேசியிருந்தேன். நெல்லிவாசல் பக்கமுள்ள அவர் ஊரிலேயே, அவர் வீட்டு முன்னறையில் தங்கிக்கொள்ள ஏற்பாடு.

“வாங்க மேடம். ஏறி ஒக்காருங்க. கெளம்பிடலாம்” என்றார்.

கிளம்பவில்லை. கைப்பேசியில் நேரம் குறிக்கத் தொடங்கினேன். ஒன்றரை, இரண்டரை, மூன்றரை. ஜீப்பில் நானும் இன்னும் நான்கு பேரும். மற்ற இருக்கைகளில் மனிதர்களுக்குப் பதிலாகச் சாமான்கள் இருந்தன. ஒரு மடித்த காலிச் சாக்கு, ஒரு குடை, ஒரு துண்டு, ஒரு தூக்குப் பாத்திரம். நடுவில் இரண்டு பேர் வந்து இடம் கேட்டார்கள். “இடமில்லீங்க” என்று கோவிந்தன் கைவிரித்தார். பாதி வண்டி காலியாக இருக்கும்போது வந்த பயணியைத் திருப்பி அனுப்புகிறாரே என்று எனக்குத் திகைப்பு. நோட்டில் எழுதிக்கொண்டேன்: ‘இருக்கைகளைச் சரக்கு அடைத்துக்கொள்கிறது. இடம் வீண்.’

“எதுக்குங்க இன்னும் நிக்கறோம்?” என்று கேட்டேன்.

“ஆளு வரணும் மேடம்.”

“அதான் வந்தவங்களத் திருப்பி அனுப்பிட்டீங்களே?”

“அவங்க வேற, இவங்க வேற” என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். அப்போதே எழுந்து போய், யார் அந்த இவங்க என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் இந்தக் கட்டுரையே வந்திருக்காது. நான் கேட்கவில்லை. பதில் எனக்கே தெரியும் என்று நினைத்துவிட்டேன். நாலேமுக்காலுக்கு வண்டி கிளம்பியது. என் கணக்கில் காத்திருந்த நேரம் மூன்று மணி ஐம்பத்தைந்து நிமிடம்.

பன்னிரண்டு கிலோமீட்டர் போக ஐம்பத்தைந்து நிமிடம் ஆனது. ஆளுக்கு நாற்பது ரூபாய். அன்று இரவு கோவிந்தன் வீட்டில் சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும். அவர் மனைவி சுமதி மூன்றாம் முறை குழம்பு ஊற்ற வந்தபோதும் நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. சாப்பிட்டுக்கொண்டே என் திட்டத்தைச் சொன்னேன். ஒரே ஒரு நாள், நாளைக்கு மட்டும், சரியாக நான்கு மணிக்குக் கிளம்பிப் பார்க்கலாமா?

கோவிந்தன் சோற்றைப் பிசைந்தார். “நாலு மணிக்கெல்லாம் எல்லாரும் வந்துடுவாங்களான்னு தெரியலயே மேடம்.”

“நேரம் தெரிஞ்சா வந்துடுவாங்கங்க. காலையிலயே எல்லார்கிட்டயும் சொல்லிடலாம்.”

“நீங்க படிச்சவங்க. ஒரு நாளுதான, பாக்கலாம்” என்றார். அது சம்மதமில்லை, விருந்தாளிக்குக் காட்டிய மரியாதை என்பது இப்போது புரிகிறது.

புதன்கிழமை காலை ஏழரைக்கு ஜீப் கிளம்பியது. கோவிந்தன் ஊரிலேயே என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவள் மல்லிகா. இருபத்துமூன்று, இருபத்துநான்கு வயது. மடியில் ஒன்பது மாதப் பெண்குழந்தை, காலடியில் நீல வயர் கூடை. கணவன் திருப்பூரில் வேலை செய்கிறான் என்றும், புதன்கிழமை ஊசி நாள் என்பதால் சுகாதார நிலையத்துக்குப் போகிறாள் என்றும் சொன்னாள். குழந்தை என் பேனாவைப் பிடுங்கிக்கொண்டு, புதூர்நாடு வரை தரவே இல்லை. ஒவ்வோர் ஊரிலும் ஏறியவர்களிடம் நான் உரக்கச் சொன்னேன்: சாயங்காலம் நாலு மணி, சரியாக நாலு. எல்லோரும் தலையாட்டினார்கள். மல்லிகாவும்தான்.

புதூர்நாட்டில் இறங்கும்போது ஆளுக்கு ஒரு சாமானை இருக்கையில் வைத்துவிட்டுப் போனார்கள். மல்லிகா குழந்தையின் துண்டையும் ஊசி அட்டையையும் மட்டும் எடுத்துக்கொண்டு, கூடையை நடு வரிசை ஓரத்தில் வைத்தாள். “வர்றேங்க்கா” என்று சிரித்துவிட்டுப் போனாள்.

மதியம் மூன்று மணிக்கு நான் வேலையில் இறங்கினேன். அட்டைகளை வெட்டி ஒன்றிலிருந்து பதினான்கு வரை எண் எழுதி டோக்கன் தயாரித்தேன். (ஆவணத்தில் அந்த ஜீப்புக்கு எத்தனை இருக்கை என்று கேட்காதீர்கள்.) கோவிந்தன் ஸ்டெப்னி டயரை எடுத்துக்கொண்டு காற்றடிக்கப் போயிருந்தார். அந்த நேரத்தில், இருக்கைகளை அடைத்துக்கொண்டிருந்த சாக்கு, குடை, தூக்கு, கூடை எல்லாவற்றையும் எடுத்து, ஜீப் கூரையில் வைத்து, மேலே தார்ப்பாய் போட்டு, கயிறு இழுத்துக் கட்டினேன். பன்னிரண்டு வருட அனுபவம், முடிச்சு நன்றாகவே விழுந்தது. உள்ளே பார்த்தேன். பளிச்சென்று பதினான்கு இடம். புகைப்படம்கூட எடுத்துக்கொண்டேன்.

வர வர டோக்கன் கொடுத்து வரிசையாக உட்கார வைத்தேன். முந்தின நாளைப் போலவே வெளியாட்கள் இரண்டு பேர், புளி வியாபாரிகள், இடம் கேட்டு வந்தார்கள். அவர்களுக்கும் கொடுத்தேன். மூன்று ஐம்பத்தைந்துக்குப் பதினான்காவது டோக்கனும் போய்விட்டது. எனக்கு ஓட்டுநர் பக்கத்தில் ஓர் ஒட்டு இடம். எனக்கு அப்படியொரு சந்தோஷம். கோவிந்தன் வந்து உள்ளே எட்டிப் பார்த்தார்.

“இன்னா மேடம், சாமானெல்லாம் எடுத்துட்டீங்களா?”

“மேல பத்திரமா கட்டிட்டேங்க.”

அவர் கூரையைப் பார்த்தார், உள்ளே நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தார், பிறகு என்னையும் என் கையிலிருந்த கைப்பேசியையும் பார்த்தார். ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தார். நான்கு மணிக்கு வண்டி கிளம்பியது. தலை எண்ணினேன், பதினான்கு.

இப்போது படிக்கிற உங்களுக்குப் புரிந்திருக்கும். எனக்குப் புரியவில்லை. காலையில் ஒரு மணி நேரம் தொடையோடு தொடை இடித்து உட்கார்ந்து வந்தவள் வண்டியில் இல்லை என்பதுகூட எனக்குத் தெரியவில்லை. நான் எண்ணிக்கையைப் பார்த்தேன், முகத்தைப் பார்க்கவில்லை. இதை எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது.

ஒவ்வோர் ஊராக ஆட்கள் இறங்கினார்கள். கோவிந்தன் கூரை மேல் ஏறித் தார்ப்பாயை விலக்கி, அவரவர் சாமானை எடுத்துக் கொடுத்தார். கடைசி ஊரான அவர் ஊருக்கு வந்து சேர்ந்தோம். வண்டியில் மிச்சமிருந்த மூன்று பேரும் இறங்கித் தங்கள் சாமான்களை வாங்கிக்கொண்டார்கள். மணி நாலு ஐம்பத்தெட்டு. “மேல எதனா பாக்கி கீதா?” என்று கேட்டுக்கொண்டே கோவிந்தன் மறுபடி கையை விட்டுத் துழாவினார். நீல வயர் கூடை வெளியே வந்தது.

அதற்குள் குழந்தையின் குல்லாய், ஒரு பால் புட்டி, காலையில் என்னிடமிருந்து பிடுங்கிய பேனா. அது எப்போது அந்தக் கூடைக்குள் போனதோ தெரியவில்லை.

“ஐயோ, மல்லிகா” என்றார் ஒரு பெண். “அவ முன்னாடி ஒக்காந்திருக்கான்னு நெனச்சேனே. அந்த வியாபாரிங்க மறச்சுக்கினு ஒக்காந்ததுல தெரியவே இல்ல.”

கோவிந்தன் முகம் கறுத்துவிட்டது. என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்டவில்லை.

“நாங்க ஆள எண்ண மாட்டோங்க மேடம். ஆளு இன்னிக்கி கொறயும், நாளைக்கி கூடும். எறங்கும்போது எடத்துல ஒரு சாமான் வெச்சிட்டுப் போவாங்க. வெச்சா, நான் திரும்பி வருவேன், என்ன உட்டுட்டுப் போயிடாதன்னு அர்த்தம். வராதவங்க எடுத்துக்கினு போயிடுவாங்க. சாமான் இருந்தா வண்டி நகராது. அதுக்குத்தான் எடம் இல்லன்னு சொல்றது.”

சரக்கு என்று நான் நோட்டில் எழுதியது அதைத்தான். வண்டியின் மொத்த நிர்வாகத்தையும் கயிறு போட்டுக் கூரையில் கட்டிவிட்டிருக்கிறேன். சமர்த்துப் பெண் நான்.

மல்லிகாவிடம் கைப்பேசி கிடையாது. அவள் வீட்டில் இருக்கும் ஒரே கைப்பேசி மாமியாரிடம். புதூர்நாட்டிலிருந்து நெல்லிவாசல் பக்கம் வர அதற்குப் பிறகு வேறு வண்டியும் இல்லை. ஊசி போட்ட ஒன்பது மாதக் குழந்தையோடு அவள் எங்கே நிற்கிறாளோ, அழுகிறாளோ, நடக்கத் தொடங்கிவிட்டாளோ? காட்டு வழி பன்னிரண்டு கிலோமீட்டர். “திருப்புங்க, நானும் வர்றேன்” என்றேன். நான் சொல்வதற்கு முன்பே அவர் வண்டியைத் திருப்பியிருந்தார்.

திரும்பிப் போன ஐம்பது நிமிடமும் ஒவ்வொரு வளைவிலும் இரண்டு பேரும் சாலையோரத்தைப் பார்த்துக்கொண்டே போனோம். நடுவில், “தப்பு என்னோடதுதாங்க” என்றேன். “இப்படிக் கெளப்பக்கூடாதுன்னு எனக்கும் தெரிஞ்சுதான் கெளப்பனேன் மேடம். நீங்க அவ்ளோ ஆசயா கட்டி வெச்சிருந்தீங்க” என்றார் அவர்.

ஐந்து ஐம்பதுக்குப் புதூர்நாடு. டீக்கடை பெஞ்சில் மல்லிகா உட்கார்ந்திருந்தாள். மடியில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. ஒரு கையில் டீ டம்ளர். எங்களைப் பார்த்ததும் எழுந்து, டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு, நிதானமாக வண்டிக்கு வந்தாள்.

நான் இறங்கி ஓடி, “பயந்துட்டியாம்மா?” என்றேன்.

“எதுக்குக்கா? கூடை வண்டியிலதான கீது. அண்ணன் எங்க போவாரு, வந்துதான ஆவணும்.” குழந்தையை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள். “இன்னிக்கி கூட்டம், ஊசி போடவே மூணே முக்கால் ஆயிடுச்சி. போட்டா அரமணி நேரம் ஒக்கார வெச்சித்தான் அனுப்புவாங்க. நாலு மணின்னு நீங்க சொன்னீங்க. ஓடியாந்துடலாமான்னு பாத்தேன். அப்பறம், கூடை இருக்குதே, நமக்கின்னா அவசரம்னு ஒக்காந்துட்டேன்.”

அந்த அரை மணி நேரம் அவள் குழந்தைக்குத் தேவையான அரை மணி நேரம். என் அட்டவணையில் அது ‘வீண்’ பத்தியில் இருந்தது.

வியாழக்கிழமை காலை கீழே இறங்கிச் சென்னைக்குத் திரும்பினேன். ரயிலில் என்னென்னவோ கணக்குப் போட்டேன். புதன்கிழமைச் சோதனையில் வண்டி நான்கு மணிக்குக் கிளம்பியது உண்மை, பதினான்கு பேர் ஏறியது உண்மை. திரும்பிப் போனதை மட்டும் எழுதாவிட்டால் என் ஆய்வு வெற்றி. யாருக்கும் தெரியப்போவதில்லை. வாலாஜா தாண்டும் வரை அந்த நினைப்பு இருந்தது என்பதையும் ஒத்துக்கொள்கிறேன்.

வெள்ளிக்கிழமை குழுவின் முன் எல்லாவற்றையும் சொன்னேன். அறையில் ஒருவர் சிரித்தார். இன்னொருவர், “சரி, சராசரி காத்திருப்பு நேரம் எவ்வளவு குறைந்தது?” என்று கேட்டார். பேராசிரியை என் நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, “தலைப்பை மாற்று. இந்த நோட்டை மாற்றாதே” என்றார். ஒரு பருவம் போய்விட்டது. விடுப்பு நீட்டிப்புக்கு மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். வண்டி எத்தனை மணிக்குக் கிளம்புகிறது என்ற கேள்வியை விட்டுவிட்டு, யாருக்காக நிற்கிறது என்று கேட்கப்போகிறேன். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று வீட்டுக்காரர் சொல்லிக் காட்டிவிட்டார், நீங்களும் சொல்ல வேண்டாம்.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தை. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம், காலையில் குளிரும், ஒரு ஸ்வெட்டர் போதும். திருப்பத்தூரிலேயே பணம் எடுத்துக்கொள்ளுங்கள். புதூர்நாட்டைத் தாண்டினால் கைப்பேசி சிக்னல் மேடுகளில் மட்டும்தான். காவலூர் வானோக்கு நிலையத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டுமென்றால் எந்த நாளில் உள்ளே விடுவார்கள் என்று முன்பே விசாரித்துவிட்டுப் போங்கள். அது வேறு பாதை, ஒரே நாளில் இரண்டும் முடியாது. சென்னையிலிருந்து போய் வர, தங்கி, சாப்பிட, எனக்கு மொத்தம் ஆயிரத்து அறுநூறு ரூபாய் ஆனது. கோவிந்தன் வீட்டில் தங்கியதற்கு வாங்கவே மாட்டேன் என்றார்கள். சுமதியிடம் வற்புறுத்திக் கொடுத்துவிட்டு வந்தேன். ஜீப்பில் சாயங்காலம் மூன்று மணி நேரம் காத்திருக்கத் தயாராகப் போங்கள். இருக்கையில் ஒரு காலிச் சாக்கு கிடந்தால், அங்கே ஆள் இருக்கிறார்.

இன்னொன்றையும் சொல்லாவிட்டால் மனசு கேட்காது. நான்கு வருடத்துக்கு முன்பு எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்தில் எந்த மினி பஸ்ஸும் பத்து நிமிடத்துக்கு மேல் நிற்கக் கூடாது என்று ஓர் ஏற்பாடு கொண்டுவந்தோம். குறிப்பு எழுதியது நான். நெரிசல் குறைந்தது, ஆணையர் கூட்டத்தில் வைத்துப் பாராட்டினார். இந்தப் படிப்பில் சேர எழுதிய விண்ணப்பத்தில்கூட அதைத்தான் என் சாதனையாகக் குறிப்பிட்டிருந்தேன். கடைசி வண்டி இரவு எட்டு பத்துக்குப் போய்விடும். போன பிறகு நிலையத்தில் யார் நிற்கிறார்கள் என்று நான் ஒரு நாளும் போய்ப் பார்த்ததில்லை.